“90 சதவீதம் பேர் குணமாகிறார்கள்”: போதைச் சிகிச்சை ஆய்வுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போதைப் பழக்கத்தையும் அதற்கான சிகிச்சையையும் பற்றிய ஆய்வுகளைப் படித்து எளிய மொழியில் சொல்வது சில வருடங்களாக என் வேலை. அதற்கு முன்னால் இப்படி ஒரு ஆய்வில், சிகிச்சை முடித்துப் போனவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு விசாரிக்கும் பொறுப்பில் இருந்தேன். செய்தியாளர், சமூகப்பணி மாணவர், வீட்டில் ஒருவருக்காக மையம் மையமாக ஏறி இறங்குகிறவர் என்று யார் வந்தாலும் சுற்றிச் சுற்றி இதே சந்தேகங்கள்தான். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்து அலுத்துப்போய், எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

1. எப்பவாவது எடுக்கிறவரும் போதை நோயாளியா? யாரை எந்தக் கணக்கில் சேர்க்கிறாங்க?

எடுத்தவர் எல்லாரும் நோயாளி இல்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013ல் வெளியிட்ட, மனநலக் கோளாறுகளை வரையறுக்கும் டிஎஸ்எம்-5 கையேட்டில் 11 அடையாளங்கள் இருக்கின்றன. நினைத்ததைவிட அதிகம் எடுப்பது, நிறுத்தப் பார்த்து முடியாமல் போவது, அடங்காத ஏக்கம், வேலையிலும் வீட்டிலும் பொறுப்பு தவறுவது, பழைய அளவு போதாமல் போவது, நிறுத்தினால் உடம்பு படுத்துவது போன்றவை. 12 மாதத்துக்குள் இவற்றில் 2 அல்லது 3 இருந்தால் லேசானது, 4 அல்லது 5 என்றால் நடுத்தரம், 6 அல்லது அதற்கு மேல் என்றால் தீவிரம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 வேறு மாதிரி பிரிக்கிறது. அதனால் ஒரே ஆள் ஒரு ஆய்வில் உள்ளேயும் இன்னொன்றில் வெளியேயும் இருக்கலாம். லேசான நிலையில் இருப்பவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டால் எந்தச் சிகிச்சையும் அருமையாகத்தான் தெரியும்.

இன்னொன்று, நாம் சட்டென்று சொல்லும் “போதைக்கு அடிமை” என்ற சொல். 2010ல் வெளிவந்த ஒரு ஆய்வில் மனநல வல்லுநர்கள் 500க்கும் மேற்பட்டவர்களிடம் ஒரே நோயாளியின் கதையைக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குப் போன தாளில் அவரைத் “தவறாகப் பயன்படுத்துபவர்” என்றும், மறுபாதிக்குப் போனதில் “பயன்பாட்டுக் கோளாறு உள்ளவர்” என்றும் எழுதியிருந்தது. மாறியது அந்த ஒரு சொல்தான். முதல் தாளைப் படித்தவர்கள், படித்துப் பட்டம் வாங்கிய வல்லுநர்களாக இருந்தும், அவர்மேல் அதிகம் பழி போட்டார்கள். அதனால் இந்தப் பக்கத்தில் அந்தச் சொல்லைத் தவிர்த்திருக்கிறேன்.

2. “ஆமா, நான் ஹெராயின் எடுக்கிறேன்”னு எவனாவது ஒத்துக்குவானா? சர்வே எல்லாம் பொய்தானே?

பதில் சொன்னால் என்ன ஆகும் என்பதைப் பொறுத்தது. சொன்னால் வேலை போகும், பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள், ஜாமீன் ரத்தாகும் என்ற நிலையில் கேட்டால் பொய்தான் வரும். பெயர் எழுதாமல், பதில் வெளியே போகாது என்ற உறுதியோடு, திரையில் தானே தட்டும்படி கேட்டால் நிறையப் பேர் உண்மையைச் சொல்கிறார்கள். அப்படி நடந்த ஆய்வுகளில் வாய்ச்சொல்லும் சிறுநீர்ச் சோதனையும் பெருமளவு ஒத்துப்போகின்றன.

வெட்கத்தைக் கடக்க ஒரு தந்திரம் உண்டு. 1965ல் ஸ்டான்லி வார்னர் என்ற புள்ளியியலாளர் தொடங்கிவைத்த யோசனையின் எளிய வடிவம் இது. 1000 பேரிடம் ஆளுக்கொரு நாணயம் கொடுத்து, மறைவில் சுண்டச் சொல்கிறோம். தலை விழுந்தால் உண்மை எதுவானாலும் “ஆம்” என்று சொல்ல வேண்டும். பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். 580 “ஆம்” வந்தால், சுமார் 500 நாணயத்தின் வேலை. மீதி 80, பூ விழுந்த 500 பேரிடமிருந்து வந்தது. ஆக 16 சதவீதம். எந்தத் தனி ஆளின் “ஆம்” உண்மை என்று கேட்டவருக்கே தெரியாது.

பொய்யைவிட மறதிதான் எனக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. “போன 90 நாளில் எத்தனை நாள் குடித்தீர்கள்?” என்றால் “ஒரு இருபது நாள் இருக்கும்” என்பார். அதற்குத்தான் காலண்டர் முறை. தேதி போட்ட தாளை முன்னால் வைத்து, சம்பளம் வந்த நாள், குழந்தைக்குக் காய்ச்சல் வந்த வாரம், ஒரு சாவு, ஒரு பிறந்தநாள் என்று முளை அடித்துக்கொண்டே பின்னால் போவோம். இருபது என்றவரின் தாளில் முப்பத்தொன்பது பெருக்கல் குறி விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். என்னைவிட அவர்தான் அதிகம் திகைத்தார்.

3. எதுக்கு இவ்வளவு கஷ்டம்? யூரின் டெஸ்ட் எடுத்தா உண்மை தெரிஞ்சிடுமே?

கொஞ்சம்தான் தெரியும். கொக்கெய்னின் தடயம் சாதாரணமாக இரண்டு மூன்று நாள் நிற்கும். ஹெராயின் என்று திட்டமாகக் காட்டும் கூறு ஒரு நாளுக்குள் மறைந்துவிடும். கஞ்சாவைத் தினமும் புகைத்தவருக்கு, நிறுத்தி ஒரு மாதம் கழித்தும் காட்டலாம். மாதம் ஒருமுறை சோதித்தால் முதலாமவர் தப்பிப்பார், நிறுத்திவிட்ட கஞ்சாக்காரர் மாட்டுவார். கசகசா சாப்பிட்டாலும் மார்ஃபின் காட்டும். மார்ஃபின், ஹெராயின் போன்ற ஓபியேட்களைக் காட்டும் வழக்கமான பட்டை, அதே வேலையைச் செய்யும் செயற்கை மருந்தான ஃபென்டனிலைக் காட்டாது. முடியில் பார்த்தால் 3 செ.மீ. நீளம் சுமார் மூன்று மாதக் கதையைச் சொல்லும், ஆனால் நேற்று நடந்ததைச் சொல்லாது.

அடுத்தவர் சிறுநீரைக் கொண்டுவருவதும் நடக்கும். கோப்பையின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் வெப்பப் பட்டை அதற்காகத்தான். கொடுத்த நாலு நிமிடத்துக்குள் 32 முதல் 38 டிகிரிக்குள் பச்சைப் புள்ளி தெரிய வேண்டும். நல்ல ஆய்வுகள் காலண்டரையும் கோப்பையையும் சேர்த்தே வைத்துக்கொள்கின்றன.

4. ஒரு நகரத்தில் இத்தனை ஆயிரம் பேர் எடுக்கிறாங்கன்னு செய்தி வருதே, யார் போய் எண்ணினாங்க?

வீடு வீடாகப் போகும் கணக்கெடுப்பு தெருவில் இருப்பவரையும் சிறையில் இருப்பவரையும் விட்டுவிடும். அதிகம் எடுப்பவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அதனால் குளத்து மீனை எண்ணும் வழியைக் கடன் வாங்கினார்கள். சிகிச்சை மையப் பதிவேட்டில் 200 பேர், மருத்துவமனை அவசரப் பிரிவுப் பதிவேட்டில் 150 பேர், இரண்டிலும் இருப்பவர் 30 பேர் என்று வைத்துக்கொள்வோம். 200ஐ 150ஆல் பெருக்கி 30ஆல் வகுத்தால் 1000. பட்டியலில் இருப்பவர்கள் 320 பேர், மீதி 680 பேர் கண்ணில் படாதவர்கள் என்பது மதிப்பீடு. இரண்டு பட்டியலும் ஒன்றையொன்று சாராதவை என்று இந்தக் கணக்கு நம்புகிறது. அவசரப் பிரிவே ஆட்களை மையத்துக்கு அனுப்பினால், இரண்டிலும் இருப்பவர்கள் கூடி, மொத்த எண்ணிக்கை குறைவாக வரும்.

சாக்கடை நீரைச் சோதிப்பது இன்னொரு வழி. 2005ல் இத்தாலியில் போ நதி நீரில் கொக்கெய்ன் உடலில் சிதைந்து வெளியேறும் கூறை அளந்தார்கள். இப்போது ஐரோப்பாவின் பல நகரங்களில் இது வருடாந்தர வழக்கம். சாக்கடைக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஆனால் பத்துப் பேர் கொஞ்சம் கொஞ்சம் எடுத்தார்களா, ஒருவரே பத்து மடங்கு எடுத்தாரா என்றும் அதற்குச் சொல்லத் தெரியாது.

5. “எங்க மையத்தில் 90 சதவீதம் குணம்”னு போட்டிருக்காங்க. நம்பலாமா?

இந்தப் பக்கத்தை எழுத வைத்ததே இந்தக் கேள்விதான். பின்னத்தின் கீழே என்ன எண் இருக்கிறது என்று கேளுங்கள். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். 100 பேர் சேர்கிறார்கள். முதல் வாரத்திலும் அடுத்த மாதத்திலுமாக 60 பேர் போய்விடுகிறார்கள். 40 பேர் முழுசாக முடிக்கிறார்கள். ஆறு மாதம் கழித்துக் கூப்பிட்டால் 20 பேர்தான் எடுக்கிறார்கள். அதில் 18 பேர் “நல்லா இருக்கேன், தொடவே இல்லை” என்கிறார்கள். இருபதில் பதினெட்டு, 90 சதவீதம். பொய்யே இல்லை. ஆனால் சேர்ந்தவர்களில் நல்லபடி இருப்பதாக நமக்குத் தெரிவது நூற்றுக்கு 18 பேர். மற்ற 82 பேரில் சிலர் நன்றாக இருக்கலாம், சிலர் இறந்திருக்கலாம்.

போனை எடுப்பவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். நான் கூப்பிட்ட நாட்களில் நன்றாக இருப்பவர்கள் இரண்டாவது மணியில் எடுப்பார்கள், பேசவும் ஆசைப்படுவார்கள். சறுக்கியவர்களின் எண் அணைத்திருக்கும், அல்லது வேறு யாரிடமோ போயிருக்கும். ஒருமுறை எடுத்தவர் ஒரு அம்மா. “அவன் இல்லப்பா” என்றார். வெளியே போயிருக்கிறாரா என்று கேட்டுவிட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அந்தப் படிவத்தில் நான் குறிக்க வேண்டியிருந்த கட்டம் “தொடர்புகொள்ள முடியவில்லை” என்பதற்குக் கீழே தனியாக இருந்தது. பல மையங்களின் கணக்கில் அந்தத் தனிக் கட்டமே கிடையாது.

6. பாதியில் ஓடிப்போனவனை எதுக்கு சிகிச்சைக் கணக்கில் சேர்க்கணும்? அது அவன் தப்புதானே?

ஓட வைப்பதும் சிகிச்சையின் குணங்களில் ஒன்று. அதனால்தான் தரமான ஆய்வுகள், குலுக்கலில் எந்தக் குழுவில் விழுந்தாரோ அந்தக் குழுவிலேயே, ஒரு நாள்கூட மருந்து எடுக்காதவரையும் கடைசிவரை எண்ணுகின்றன.

2018ல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். ஓபியாய்டு (ஹெராயின், ஃபென்டனில் போன்றவை) பழக்கம் உள்ள 570 பேரைக் குலுக்கிப் பிரித்து, ஒரு குழுவுக்கு, ஓபியாய்டை வேலை செய்யவிடாமல் தடுக்கும் நால்ட்ரெக்ஸோன் ஊசி மாதம் ஒருமுறை, மறு குழுவுக்கு, தானே ஓபியாய்டு வகையாக இருந்து ஏக்கத்தை அடக்கும் புப்ரெனார்ஃபின் தினமும். ஊசி போட வேண்டுமானால் முதலில் உடம்பில் ஓபியாய்டு துளியும் இருக்கக் கூடாது. அந்த நாட்களைத் தாண்ட முடியாமல் 28 சதவீதம் பேர் ஊசியைத் தொடங்கவே இல்லை. மறு பக்கத்தில் அப்படித் தவறியவர்கள் 6 சதவீதம். எல்லாரையும் எண்ணினால் 24 வாரத்தில் பழையபடி ஆனவர்கள் ஊசிக் குழுவில் 65 சதவீதம், புப்ரெனார்ஃபின் குழுவில் 57 சதவீதம். தொடங்கியவர்களை மட்டும் எண்ணினால் இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. இரண்டு விடையும் சரி. ஊசி போட்டுக்கொள்ள முடிந்துவிட்டவருக்கு இரண்டாவது விடை பயன்படும். நாளை காலை மையத்தின் வாசலில் நிற்கப் போகிறவருக்கு முதலாவதுதான் பயன்படும்.

7. “குணம்”னா என்ன? அடியோட நிறுத்தினாத்தானே குணம்?

ஆய்வுக்கு ஆய்வு அளவுகோல் மாறும். ஒரு நாள்கூடத் தொடாமல் இருந்தது, தொடாத நாட்களின் விகிதம், அதிகம் குடித்த நாட்கள் குறைந்தது, சிகிச்சையில் நிலைத்தது, வேலை, சிறை, உயிர் என்று பல உண்டு. தினமும் குடித்தவர் மாதத்தில் இரண்டு நாளாகக் குறைத்திருந்தால் முதல் அளவுகோலில் தோல்வி, மற்ற எல்லாவற்றிலும் வெற்றி. என்னைக் கேட்டால் உயிரோடு இருப்பதை முதலில் வைப்பேன், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. எந்த அளவுகோல் என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். முடிவைப் பார்த்துவிட்டு அளவுகோலைத் தேர்ந்தெடுத்தால் அம்பு விழுந்த இடத்தைச் சுற்றி வட்டம் வரைந்த கதைதான்.

8. எங்க அண்ணன் சேர்ந்தார், நிறுத்தினார். இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்? ஒப்பிட இன்னொரு குழு எதுக்கு?

அண்ணன் நன்றாக இருப்பது சந்தோஷம். ஆனால் மனிதர்கள் மையத்துக்கு வருவது பெரும்பாலும் ஆக மோசமான வாரத்தில். வேலை போன மறுநாள், மனைவி வீட்டைவிட்டுப் போன மறுநாள். அடித்தட்டில் இருக்கும்போது அளந்தால் அடுத்த அளவு கொஞ்சமாவது மேலேதான் இருக்கும், சிகிச்சை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

சிகிச்சையே இல்லாமல் நிறுத்துபவர்களும் ஏராளம். 2001–02ல் அமெரிக்காவில் எடுத்த பெரிய தேசியக் கணக்கெடுப்பில், முன்பு மது சார்பு இருந்தவர்களில் எந்தவிதச் சிகிச்சையும் உதவியும் நாடியவர்கள் சுமார் கால்வாசிப் பேர்தான். ஆனால் மீண்டவர்கள் அதைவிட மிக அதிகம். வியட்நாம் போர் வீரர்களின் கதை இன்னும் வியப்பானது. 1971 செப்டம்பரில் திரும்பிய அமெரிக்க வீரர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் பின்தொடர்ந்தார். அங்கே ஐந்தில் ஒருவர் ஹெராயின் போன்ற ஓபியேட்களைச் சார்ந்திருந்தார். அப்படி இருந்தவர்களில், ஊர் திரும்பிய முதல் வருடத்தில் மறுபடி அதே நிலைக்குப் போனவர்கள் சுமார் 5 சதவீதம், மூன்று வருடத்தில் சுமார் 12 சதவீதம். அந்த வீரர்கள் திரும்பி வந்த வாரம் யாராவது மூலிகைத் தண்ணீர் கொடுத்திருந்தால், 95 சதவீதம் குணம் என்று இன்றுவரை விற்றுக்கொண்டிருப்பார்கள். ஒப்பிட ஒரு குழு வேண்டும் என்பது இதற்காகத்தான்.

9. அப்போ எல்லாம் தானா சரியாகிடும்னு விட்டுடலாமா?

கூடாது. இயல்பாக மீள்பவர்களில் பெரும்பாலோர் லேசான நிலையில் இருந்தவர்கள், கையில் வேலையும் குடும்பமும் மிஞ்சியிருந்தவர்கள். வியட்நாம் வீரர்களுக்கு ஹெராயின் கிடைத்த இடமே கடல் கடந்து பின்னால் போய்விட்டது. வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி வாங்குகிறவரின் நிலை அது இல்லை.

கலிஃபோர்னியாவில் 1960களின் தொடக்கத்தில் நீதிமன்ற வழியாகச் சிகிச்சைக்கு வந்த, ஹெராயின் பழக்கம் உள்ள 581 ஆண்களை 33 வருடம் பின்தொடர்ந்தார்கள். 1997க்குள் 284 பேர் இறந்துவிட்டார்கள், ஏறக்குறைய பாதி. இந்த ஆய்வையும் ராபின்ஸ் ஆய்வையும் சேர்த்துப் படிக்காதவர்கள் ஒன்று அளவுக்கு மீறி நம்புவார்கள், இல்லாவிட்டால் அளவுக்கு மீறிப் பயப்படுவார்கள்.

10. போலி மாத்திரை கொடுத்து ஒருத்தரை ஏமாத்துறது பாவம் இல்லையா?

நல்ல சிகிச்சை ஏற்கெனவே இருக்கும்போது கொடுத்தால் பாவம்தான். அதனால் பெரும்பாலான ஆய்வுகள் இப்போது புதியதை வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிடுகின்றன. கலந்துகொள்பவருக்கும் போலி மாத்திரை விழ வாய்ப்புண்டு என்று முன்பே சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும்.

2003ல் வெளிவந்த சுவீடன் ஆய்வை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். ஹெராயின் சார்ந்த 40 பேர். 20 பேருக்கு வருடம் முழுக்கப் புப்ரெனார்ஃபின். 20 பேருக்கு ஆறு நாளில் படிப்படியாகக் குறைத்துவிட்டுப் பிறகு போலி மாத்திரை. இரண்டு குழுவுக்கும் ஒரே அளவு கவுன்சலிங். வருட முடிவில் மருந்துக் குழுவில் 75 சதவீதம் பேர் சிகிச்சையில் இருந்தார்கள். போலிக் குழுவில் ஒருவர்கூட மிஞ்சவில்லை, 4 பேர் இறந்திருந்தார்கள். நடத்தியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மருந்தே வேண்டாம், கவுன்சலிங் போதும் என்று சத்தியம் செய்தவர்கள் அப்போது நிறைய இருந்தார்கள். ஆனால் அந்தக் கேள்வியை அப்படியே மறுபடி கேட்க இனி யாருக்கும் நியாயம் இல்லை.

11. மெத்தடோன், புப்ரெனார்ஃபின் எல்லாம் ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதைதானே?

இரண்டும் ஹெராயின் போன்றவற்றுக்குப் பதிலாக மருத்துவர் தரும் ஓபியாய்டு மருந்துகள். உடம்பு அவற்றைச் சார்ந்திருக்கும் என்பது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முதல் கேள்வியின் 11 அடையாளங்களைத் திரும்பப் பாருங்கள். சரியான அளவில் மெத்தடோன் எடுப்பவருக்கு ஏக்கம் அடங்குகிறது, தேடி அலைவது நிற்கிறது, வேலைக்குப் போகிறார். டிஎஸ்எம்-5 கையேடே, மருத்துவர் சொன்னபடி மருந்து எடுப்பவருக்கு உடல் பழகிப்போனதையும் நிறுத்தினால் படுத்துவதையும் நோய்க் கணக்கில் சேர்க்காதே என்கிறது. வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் இருவரும் 1965ல் இதை முதலில் எழுதியபோதே இந்த வாக்குவாதமும் பிறந்துவிட்டது.

எனக்குப் போதுமான பதில் 2017ல் வந்த ஒரு தொகுப்பாய்வில் இருக்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மெத்தடோன் நோயாளிகள். சிகிச்சையில் இருக்கும்போது ஆயிரம் பேருக்கு வருடத்துக்குச் சுமார் 11 மரணம். சிகிச்சையை விட்ட பிறகு 36. புப்ரெனார்ஃபினில் 4, விட்ட பிறகு 9க்கும் மேல். விட்டுப் போகிறவர்களே மோசமான நிலையில் இருப்பவர்களோ என்று கேட்டால் நியாயம், ஓரளவு அதுவும் கலந்திருக்கும். ஆனால் பத்தாவது கேள்வியில் குலுக்கிப் பிரித்த ஆய்வும் அதே திசையைத்தான் காட்டியது. மெத்தடோனின் முதல் சில வாரங்களிலும் ஆபத்து கூடுதல் என்பதால் அப்போது மருத்துவக் கண்காணிப்பு தளரக் கூடாது.

12. டீடாக்ஸ் முடிச்சாச்சு, உடம்பு சுத்தம். பாதிக் கிணறு தாண்டியாச்சுதானே?

பாதிக் கிணறு தாண்டுவதில் என்ன ஆபத்து என்று பழமொழி சொன்னவருக்கே தெரியும். ஓபியாய்டு எடுப்பவரின் உடம்பு பெரிய அளவைத் தாங்கப் பழகியிருக்கும். சில வாரம் நிறுத்தினால் அந்தத் தாங்குதிறன் போய்விடும். மறுபடி பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். 2003ல் வெளிவந்த ஒரு ஆய்வில், லண்டனில் உள்நோயாளிகளாக இருந்த 137 பேரைப் பின்தொடர்ந்தபோது, முதல் நாலு மாதத்தில் அளவு மீறி இறந்த 3 பேரும் சிகிச்சையை முழுமையாக முடித்துத் தாங்குதிறனை இழந்தவர்கள். பாதியில் போனவர்களில் அப்படி ஒருவரும் இல்லை. மையத்தின் கணக்கில் இந்த மூவரும் “வெற்றிகரமாக முடித்தவர்கள்”. சிறையிலிருந்து வெளியே வரும் முதல் இரண்டு வாரமும் இப்படித்தான். ஓபியாய்டு அளவு மீறியவரின் மூச்சைத் திரும்பக் கொண்டுவரும் நலாக்ஸோன் மருந்தை வீட்டில் வைத்திருக்கச் சொல்வதன் காரணம் இது.

மதுவில் ஆபத்து வேறு பக்கம். நீண்ட நாள் அதிகம் குடித்தவர் வீட்டிலேயே சட்டென்று நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வந்து உயிருக்கே முடியலாம். தூக்க மாத்திரை வகைகளுக்கும் இதே கதைதான். மருத்துவர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

13. சரி, எந்த தெரபி பெஸ்ட்? சிபிடியா, ஏஏ கூட்டமா?

சிபிடி என்பது எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை. ஏஏ என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட விரும்புபவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் கூட்டம். ஆளுக்கேற்ற தெரபியைப் பொருத்திவிட்டால் போதும் என்று நம்பித்தான் புராஜெக்ட் மேட்ச் என்ற ஆய்வைத் தொடங்கினார்கள். மதுப் பழக்கம் உள்ள 1,726 பேர், மூன்று வகைப் பேச்சுச் சிகிச்சை. 1997ல் முடிவு வந்தபோது மூன்று குழுவும் நன்றாகவே முன்னேறியிருந்தன, ஏறக்குறைய ஒரே அளவில். எந்த ஆளுக்கு எது என்ற பொருத்தம் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அதில் சிகிச்சையே பெறாத குழு இல்லை. எட்டாவது பதிலைப் படித்தவருக்கு அதன் பொருள் புரியும்.

ஏஏ பற்றிக் கேலி செய்வது ஆய்வாளர்களிடம் ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. 2020ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் சேர்த்துப் பார்த்தது. முறையாக ஏஏவுக்கு வழிகாட்டும் சிகிச்சை பெற்றவர்களில் 42 சதவீதம் பேர் ஒரு வருடத்தில் முழுக்கக் குடிக்காமல் இருந்தார்கள். சிபிடி போன்றவற்றில் 35. மற்ற அளவுகோல்களில் இரண்டும் சமம். இது மதுவுக்கான முடிவு. ஹெராயினுக்கு இதை அப்படியே தூக்கிப் போடக் கூடாது.

14. சுத்தமா இருந்தா பரிசு கொடுக்கிறாங்களாமே? லஞ்சம் மாதிரி இல்ல?

பார்க்க அப்படித்தான் இருக்கும். ஒவ்வொரு சுத்தமான சிறுநீர் மாதிரிக்கும் ஒரு சிறு பற்றுச்சீட்டு, தொடர்ந்தால் மதிப்பு கூடும், தவறினால் தொடக்கத்துக்கே திரும்பும். ஸ்டீஃபன் ஹிக்கின்ஸ் 1990களில் கொக்கெய்னுக்கு இதை நிறுவினார். கொக்கெய்ன், மெத் (மெத்தாம்ஃபெட்டமின்) போன்ற ஊக்கிகளுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அங்கீகரித்த மருந்து ஒன்றுகூட இல்லை. 2021ல் மெத்துக்கு நால்ட்ரெக்ஸோனையும் புப்ரோபியனையும் சேர்த்துப் பார்த்த ஆய்வில் பலன் கண்டவர்கள் 13.6 சதவீதம், போலி மருந்தில் 2.5. இதுவே அந்தத் துறையில் நல்ல செய்தி. அந்த இடத்தில் பரிசு முறைதான் இன்றுவரை வலுவான ஆதாரம் உள்ள வழி. பரிசு நின்ற பிறகு பலன் தேய்கிறது என்பது உண்மையான குறை. லஞ்சம் என்பது அபத்தமான குறை.

15. திரும்பவும் எடுத்துட்டார். அப்போ சிகிச்சை தோத்துப் போச்சுதானே?

2000ல் தாமஸ் மெக்லெல்லனும் சக ஆய்வாளர்களும் ஒரு பிரபலமான கட்டுரை எழுதினார்கள். போதைச் சிகிச்சைக்குப் பின் ஒரு வருடத்தில் 40 முதல் 60 சதவீதம் பேர் சறுக்குகிறார்கள். ரத்த அழுத்தத்திலும் ஆஸ்துமாவிலும் மறுபடி மோசமாகிறவர்கள் இதற்குக் குறைவில்லை. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுகிறது. அதை மாத்திரை வேலை செய்ததற்கு ஆதாரமாக எடுத்துக்கொள்கிறோம். போதையில் மட்டும் அதையே தோல்வி என்கிறோம்.

வாதம் நல்லதுதான். ஆனால் சில மையங்கள் இதைக் கவசமாக மாட்டிக்கொள்வது எனக்குப் பிடிப்பதில்லை. ஆஸ்துமா மருத்துவர் 28 நாள் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துவதில்லை. நாள்பட்ட நோய் என்று சொல்பவர் நாள்பட்ட சிகிச்சையையும் கொடுக்க வேண்டும்.

16. 20 வருஷமா பார்க்கிற டாக்டரே “இவங்க யாரும் திருந்த மாட்டாங்க”ன்னு சொல்றாரே?

அவர் பார்த்ததைத்தான் சொல்கிறார். ஒரு சிறிய வார்டை நினைத்துக்கொள்ளுங்கள். வருடத்தில் 12 பேர் ஆளுக்கு ஒரு மாதம் இருந்துவிட்டு நன்றாகிப் போகிறார்கள், திரும்பி வருவதே இல்லை. ஒருவர் மட்டும் வருடம் முழுக்க இருக்கிறார். எந்த நாள் எட்டிப் பார்த்தாலும் இரண்டு படுக்கை நிறைந்திருக்கும், ஒன்றில் அதே பழைய முகம். பாதிப் பேர் தேறாதவர்கள் என்று தோன்றும். உண்மையில் 13ல் ஒருவர். பட்ரீசியா கோஹன், ஜேக்கப் கோஹன் இருவரும் 1984ல் இந்த மயக்கத்துக்குப் பெயரே வைத்தார்கள்: மருத்துவர் மாயை. மீண்டவர்கள் திரும்பி வந்து “நல்லா இருக்கேன் சார்” என்று சொல்வதில்லை, பழைய முகங்களைப் பார்க்காமல் தெருவைக் கடக்கிறார்கள். ஐந்தாவது கேள்வியின் 90 சதவீதக்காரர் ஒரு பக்கம் ஏமாந்தால், இவர் மறு பக்கம்.

17. கட்டாயப்படுத்தி அடைச்சு வெச்சா திருந்துவாங்களா?

2016ல் இதுபற்றி வந்த தொகுப்பாய்வில் தகுதியான ஆய்வுகள் 9தான் தேறின. மொத்தத்தில் பலன் இருப்பதாக அவை காட்டவில்லை, சிலவற்றில் தீங்கும் தெரிந்தது. பூட்டிய அறைக்குள் சிறுநீர் சுத்தமாக இருப்பது வெற்றியே இல்லை. கதவு திறந்த நாளிலிருந்து எண்ணுங்கள். ஓபியாய்டு என்றால் 12ஆவது பதிலையும் மறுபடி படித்துவிடுங்கள்.

18. ஆய்வு எல்லாம் சராசரி. என் தம்பிக்கு என்ன ஆகும்னு அது சொல்லுமா?

சொல்லாது. தொடக்க நிலையைப் பார்த்து ஒருவரின் முடிவைக் கணிக்கும் முயற்சிகள் இதுவரை சுமாராகத்தான் இருக்கின்றன. 13ஆவது பதிலில் சொன்ன பொருத்தம் தேடும் முயற்சியே அதற்குச் சாட்சி. எங்கே தொடங்கலாம் என்று மட்டும் ஆய்வு சொல்லும். ஓபியாய்டு என்றால் மருந்தோடு தொடங்குங்கள். மது என்றால் பாதுகாப்பாக நிறுத்திய பின் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஊக்கி என்றால் பரிசு முறை எங்கே கிடைக்கிறது என்று தேடுங்கள். அதற்கு மேல் தம்பியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

19. நாளைக்கு ஒரு மையத்துக்குப் போறேன். என்ன கேட்கட்டும்?

போன வருடம் முதல் நாள் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அதில் ஆறு மாதம் கழித்து எத்தனை பேரைத் தொடர்புகொண்டீர்கள் என்று கேளுங்கள். இறந்தவர்களை எண்ணுகிறீர்களா என்று கேளுங்கள். மருத்துவர் முழுநேரமா, மெத்தடோனோ புப்ரெனார்ஃபினோ தருவீர்களா, தராவிட்டால் ஏன் என்று கேளுங்கள். வெளியே அனுப்பும்போது நலாக்ஸோன் கையில் கொடுப்பீர்களா, சறுக்கினால் திரும்பச் சேர்த்துக்கொள்வீர்களா என்றும் கேளுங்கள்.

முதல் கேள்விக்கு “எங்களிடம் அந்தக் கணக்கு இல்லை” என்று ஒருவர் நேர்மையாகச் சொன்னால் நான் எழுந்து போய்விட மாட்டேன், அடுத்த கேள்விக்குப் போவேன். “90 சதவீதம்” என்று தயங்காமல் பதில் வந்தால், கீழே இருக்கும் எண்ணை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.